அஞ்சாம் நம்பரில் சுடுதண்ணி இல்லை

அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்துவிட்டு ஜேம்ஸினா லீப்பர் மாடியேறுவார். ஐந்தாம் எண் அறையைத் திறப்பார். ஜன்னலோரத் தொட்டியில் இரண்டு குழாய்கள்: பச்சைத்தண்ணீருக்கு ஒன்று, சுடுதண்ணீருக்கு ஒன்று. சுடுதண்ணீர்க் குழாயின் திருகை மட்டும் இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்றி, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, கஞ்சி அடிப்பிடிப்பதற்குள் கீழே வந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடிக்கும்.

“அத்தை, அஞ்சாம் நம்பர் ரெடியா?”

“எங்கம்மா ரெடி? சுடுதண்ணிக் குழாய்க்குத் திருகு இல்லையே.”

“இன்னுமா சரி பண்ணலை?”

“இன்னும் இல்லைம்மா.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஜேம்ஸினா பொய் சொல்லமாட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் மூன்றாம் வரிசையில் உட்காருகிறவர். பாதிரியார் பிரசங்கத்தில் தேதியைத் தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே திருத்துகிறவர். திருகு எங்கே போயிற்று என்று அவருடைய அண்ணன் மகள் ரோனா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கஞ்சி தீய்ந்துபோகும் அல்லவா? ராத்திரி திருகை மறுபடி பூட்டிவிடுவார். ஆளில்லாத அறைதான் என்றாலும் குழாயைத் தலையில்லாமல் தூங்கவிட அவருக்கு மனம் வராது.

அபர்தீன் நகரின் மேற்குப் பக்கத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் கருங்கல் வீடுகளில் ஒன்று அவருடையது. தங்க வருகிறவர்களுக்கு ஐந்து அறைகள், காலையில் வயிறு நிறையச் சாப்பாடு. கூரை மேல் எப்போதும் ஒரு கடற்காகம் உட்கார்ந்திருக்கும். அதுவும் காலைச் சாப்பாட்டுக்கு வந்ததுதான். நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றுக்கு ஹெலிகாப்டர் ஏறப்போகிறவர்கள், பல்கலைக்கழகத்தில் பிள்ளையை விட வந்த அப்பா அம்மாக்கள், ஷெட்லாந்துத் தீவிலிருந்து ராக்கப்பலில் வந்து விடியற்காலையில் இறங்குகிறவர்கள், இப்படிப் பலதரப்பட்ட ஜனங்கள் அந்தப் படிக்கட்டைத் தேய்த்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் அறை வேண்டுமென்றால் தொலைபேசியில் கூப்பிடவேண்டும். ஜேம்ஸினா கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். எந்த ஊர்? என்ன காரியமாக வருகிறீர்கள்? பன்றி ரத்தப் புட்டு சாப்பிடுவீர்களா? பதிலைவிடக் குரல்தான் அவருக்கு முக்கியம். குறட்டைக்காரனையும் துண்டுத் திருடனையும் ஹலோவிலேயே பிடித்துவிடுவார். பிடிக்காத குரலென்றால் தெருவில் வேறொரு வீட்டின் எண்ணைக் கொடுத்து அனுப்பிவைப்பார். கல்யாணத்துக்கு வருகிறவர்களை அநேகமாக எதிர்வீட்டுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். “அவங்களுக்கு எதுக்கு ரூம்? தூங்கவா போறாங்க? உடுப்பு மாத்த ஒரு திரை போதும்!” எதிர்வீட்டுக்காரியும் தனக்குப் பிடிக்காதவர்களை இங்கே தள்ளுவாள். அந்தத் தெருவின் விருந்தோம்பல் இந்த வகையில் வெகுகாலமாகச் சீராக நடந்துவந்தது.

ஐந்தாம் எண் மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. எந்தக் குரலுக்கும் அதைக் கொடுத்ததில்லை. மேட்டு மேலே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பரிசோதனைக்கென்று ஒருநாள் வந்துவிட்டுச் சாயங்காலக் கப்பலில் திரும்பலாம் என்று வருகிற தீவுக்காரர்களில் யாராவது ஒருவரை டாக்டர்கள் பிடித்துவைத்துக்கொள்வார்கள். கூட வந்தவர் மாற்றுத்துணிகூட இல்லாமல் வாசலில் நிற்பார். வார்டு நர்சுகளுக்கு ஜேம்ஸினாவின் விலாசம் தெரியும். ஐந்தாம் எண்ணின் சாவி அப்படி நிற்கிறவர்களுக்குத்தான். அவர்களிடம் புட்டு சாப்பிடுவீர்களா என்றுகூட அவர் கேட்பதில்லை.

ஏன் இப்படி என்பதற்குத் தெருவில் பல கதைகள். புருஷன் அந்த அறையில்தான் உயிரைவிட்டான் என்பார்கள். அவர் உயிரைவிட்டது கோல்ஃப் மைதானத்தில், அதுவும் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது. அறையில் ஆவி இருக்கிறது என்பது எதிர்வீட்டுக்காரியின் கட்சி. அது கல்யாணக் கூட்டத்தை வாங்கிக்கொண்ட கோபத்தில் சொன்னதாக இருக்கலாம். ஜேம்ஸினாவையே கேட்டால், “அந்த ரூம் கொஞ்சம் குளிரும்” என்பார். அதுவும் உண்மைதான்.

போன குளிர்காலத்தில் தொலைபேசி அடிப்பது குறைந்துபோயிற்று. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரோனா, அத்தையின் வீட்டை இணையத்தில் ஏற்றினாள். ஊரும் பேரும் தெரியாத யாரோ, உலகத்தின் எந்த மூலையிலோ படுத்துக்கொண்டு விரலால் தொட்டால் அறை அவருக்கு. குரலுமில்லை, கேள்வியுமில்லை. முதல் வாரத்திலேயே ஐந்தாம் எண்ணை விஸ்கி குடித்துப் பார்க்க வந்த ஒருவர் தொட்டுவிட்டார். அன்று மழையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மாளை எதிர்வீட்டுச் சோபாவில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலையிலிருந்து குழாயின் திருகு கழலத் தொடங்கியது. சுடுதண்ணீர் வராத அறையை ரோனா இணையத்தில் திறக்கமாட்டாள். ஆஸ்பத்திரிக்காரர் யாராவது வந்தால் சாவியோடு சேர்த்துத் திருகையும் கையில் கொடுப்பார். “நீங்களே மாட்டிக்குங்க. வலப்பக்கம் சுத்தணும்.” வந்தவர்கள் இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து வாங்கிக்கொள்வார்கள்.

மற்றபடி இணையத்தோடு அவருக்குப் பகையில்லை. தங்கிப்போனவர்கள் எழுதுவதை ரோனா வாசித்துக்காட்டினால் ஆர்வமாகக் கேட்பார்.

“அத்தை, ஒருத்தன் ஒரு நட்சத்திரத்தைக் குறைச்சிட்டான். ‘வீட்டுக்கார அம்மா என் மூலத்தைப் பத்தி விசாரிச்சார்’னு எழுதியிருக்கான்.”

“சாப்பாட்டு மேஜையில நெளிஞ்சுகிட்டே இருந்தான், கேட்டேன். குஷன் குடுத்தேனே, அதை எழுதியிருக்கானா?”

“அதுக்குத்தான் மீதி நட்சத்திரம்.”

வினை செப்டம்பரில் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய்க் கம்பெனிகள் இந்த ஊரில் கண்காட்சி போடும். அந்த வாரத்தில் ஊருக்குள் படுக்கை என்ற பெயரில் எது இருந்தாலும் விலைபோகும். சாய்வு நாற்காலிக்குக்கூட ஆள் வரும். ஜேம்ஸினாவின் வீட்டைச் சூடாக்கும் பாய்லரோ ராத்திரி முழுக்க இருமிக்கொண்டிருந்தது. அடுத்த குளிரை அது தாண்டாது. கண்காட்சி வாரத்தில் ஐந்தாம் எண்ணையும் விற்றால் புது பாய்லருக்கு வழி பிறக்கும் என்று ரோனா கணக்குப் போட்டாள். அத்தைக்குச் சொல்லாமல் குழாய்க்காரர் எக்கி மட்சை அனுப்பினாள்.

ரவ்வி என்று இவ்வூரார் உயிரைவிடும் உப்பு வெண்ணெய் ரொட்டியை வாங்கிக்கொண்டு ஜேம்ஸினா பேக்கரியிலிருந்து திரும்பியபோது, மாடியிலிருந்து சீழ்க்கைச் சத்தம் வந்தது. ஏறிப் பார்த்தார். எக்கி தொட்டிக்குக் கீழேயிருந்து தலையை நீட்டினார்.

“வாங்கம்மா! உங்க மருமக சொல்லாம செய்யச் சொன்னாங்க. அத்தை அசந்துபோகட்டும்னாங்க.”

“அசந்துதான் போயிட்டேன், எக்கி.”

“பழைய குழாய்ல ஒரு கோளாறும் இல்லம்மா. திருகை மட்டும் எவனோ கழட்டிட்டுப் போயிருக்கான். குழாயைத் திருடினாலும் அர்த்தம் உண்டு. வெறும் திருகை வச்சுக்கிட்டு அந்தப் பைத்தியம் என்ன பண்ணும்?”

“ஏதோ ஒரு உபயோகம் இருக்கும்” என்றார் ஜேம்ஸினா. கோட்டுக்குள் ஏப்ரன், ஏப்ரனுக்குள் அந்தத் திருகு.

பழைய இரண்டு குழாய்களும் போய், அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்த ஒரே குழாய் நின்றது. அதன் உச்சியில் பளபளவென்று ஒரே கைப்பிடி.

“இந்தப் பக்கம் தள்ளினா சூடு, அந்தப் பக்கம் பச்சைத்தண்ணி. இனிமே எவனும் கழட்டவே முடியாது.”

“முடியவே முடியாதா?”

“முடியவே முடியாது.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

எக்கி யோசித்தார். “அடியில ஒரு குட்டி மரையாணி இருக்கு. அதுக்குன்னு வளைஞ்ச சாவி ஒண்ணு உண்டு. அது இருந்தா கழட்டலாம்.”

“அதை இங்கயே வச்சிட்டுப் போ.”

“உங்களுக்கு எதுக்கும்மா? நீங்களா வேலை பார்க்கப் போறீங்க?”

“என்னால முடிஞ்சதைப் பார்க்கறேன்.”

எக்கி கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். ஜேம்ஸினா குழாயை நோக்கிக் குனிந்தார். கீழே தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“அத்தை! எக்கி வந்தாரா? குழாய் எப்படி இருக்கு?”

“அழகா இருக்கும்மா.”

“அப்போ அஞ்சாம் நம்பர் ரெடி?”

ரொட்டிப் பையிலிருந்து வெண்ணெய் கசிந்து விரலில் பட்டது.

“ரெடி” என்றார் ஜேம்ஸினா.

“சாயந்திரம் வந்து இணையத்துல திறந்துவிடறேன். அஞ்சு நிமிஷம் தாங்காது, பாருங்க!”

வளைந்த சாவி பையில்தான் இருந்தது. ஆனால் ரெடி என்று வாயால் சொல்லிவிட்டு, பின்னால் போய்க் கழற்றினால் சொன்ன சொல் பொய்யாகிவிடும். மூன்றாம் வரிசைக்காரருக்கு அது ஆகாது. அன்று பகல் முழுக்க ஜேம்ஸினா அடுப்படியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

மதியத்துக்குமேல் கடல்மூடுபனி தெருவுக்குள் ஏறி எதிர்வீட்டை விழுங்கியது. வாசல் மணி அடித்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு வயதான மனிதர் நின்றார். கையில் ஒரு பெண்பிள்ளை கைப்பை. அதைத் தொங்கவிடத் தெரியாமல், பூனைக்குட்டியைப் போல மார்போடு பிடித்திருந்தார்.

“ஷெட்லாந்துங்க. லவ்ரி ஹால்க்ரோன்னு பேரு. வார்டுல ஒரு நர்சம்மா இங்க போகச் சொன்னாங்க. வர்ற வழியில எல்லா ஓட்டல்லயும் கேட்டுட்டேன், கண்காட்சியாமே. இல்லைன்னா பரவால்லைங்க, துறைமுகத்துல உட்கார்ந்துக்கறேன். இன்னிக்கே திரும்பறதாத்தான் வந்தோம். என் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில வச்சுக்கிட்டாங்க. காலையில ஆபரேஷனாம்.”

“உள்ள வாங்க, பனி ஏறுது” என்று மட்டும் சொன்னார் ஜேம்ஸினா. ஆணியிலிருந்து ஐந்தாம் எண் சாவியை எடுத்துக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் இன்னொரு கை ஏப்ரன் பைக்குள் போயிற்று. பழைய திருகைத் தொட்டுவிட்டு வெறுமனே வெளியே வந்தது.

சாயங்காலம் ரோனா மடிக்கணினியோடு வந்தபோது, அடுப்படி மேஜையில் லவ்ரி சூப் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் கைப்பை உட்கார்ந்திருந்தது. ரோனா அத்தையை அடுப்போரம் இழுத்தாள்.

“யாரு அத்தை?”

“அஞ்சாம் நம்பர்.”

“நான் இன்னும் திறக்கவே இல்லையே!”

“அவரு மணியடிச்சு வந்தாரும்மா.”

“எத்தனை நாளைக்கு?”

“கேட்கலை.”

“நீங்களா கேட்கலை? ஊரான் மூலத்தையெல்லாம் கேட்கறீங்க, இதைக் கேட்கலையா?” ரோனாவின் குரல் தாழ்ந்தது. “பாய்லர், அத்தை. ஜனவரியில என்ன பண்ணுவீங்க?”

“ரெண்டு கம்பளி கூடப் போடணும்.”

லவ்ரிக்கு முழுக்கக் கேட்டதோ பாதி கேட்டதோ, எழுந்துவிட்டார். “நான் வேணும்னா துறைமுகத்துலயே…” என்று கைப்பையை எடுத்தார். அதன் வார் அவருடைய தடித்த விரல்களில் சிக்கிக்கொண்டது. அவிழ்க்கத் தெரியாமல் நின்றார்.

ரோனா போய் வாரை விரல்விரலாக விடுவித்து, கைப்பையை மறுபடி நாற்காலியில் வைத்தாள். “உட்காருங்க பெரியவரே. சூப் ஆறிடும்.” பிறகு எதிரே உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். கொஞ்சநேரம் திரையை முறைத்தாள்.

“அத்தை, ஒரு வாரம் விக்காம நிறுத்தணும்னா இது காரணம் கேட்குது. பெயின்ட் அடிக்கறதுன்னு இருக்கு, சொந்த உபயோகம்னு இருக்கு, ரிப்பேர்னு இருக்கு. வேற எதையும் எழுத விடாது. ரிப்பேர்னே போடறேன், வாரம் பூராவும்.”

“ரிப்பேர் இல்லையேம்மா. காலையிலதானே மாத்தினாங்க.”

“சும்மா போடறேன். யாரு வந்து பார்க்கப்போறாங்க?”

ஜேம்ஸினா சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார். லவ்ரியிடம் திரும்பி, “உங்க ரூமுக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்” என்று அனுமதி கேட்டுக்கொண்டு மாடியேறினார். மேலே கதவு திறந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவு மூடியது. படியிறங்கி வந்து, எக்கியின் பளபளக்கும் கைப்பிடியைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ரோனா அதைப் பார்த்தாள். அத்தையின் ஏப்ரன் பையில் ஏற்கெனவே புடைத்துக்கொண்டிருந்த இன்னொன்றையும் பார்த்தாள். போன குளிர்காலத்திலிருந்து வந்த காலைகளெல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்துபோயின.

“எங்க போச்சுன்னு நான் கேட்டிருந்தா?”

“காட்டியிருப்பேனே.”

ரோனா கணினியில் தட்டினாள். ரிப்பேர் என்று திரையில் விழுந்ததும் ஜேம்ஸினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து ஒருமுறை வாசித்தார். பிறகு கைப்பிடியை எடுத்து, ஏப்ரனில் துடைத்து, எக்கியின் வளைந்த சாவியையும் சேர்த்து லவ்ரியின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.