கணவன்மார் சமைத்த போயா நாள்

பதுளையில் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. அது நல்ல பெயரா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாது. கடைவீதியில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து நடந்து வந்தாலே போதும், முதலாளிமார் அவசரமாகத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். எதிரே வருகிற தெரிந்தவர்கள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். எங்கள் கைப்பையில் எப்போதும் ஒரு டிக்கெட் புத்தகம் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். கேக் விற்றிருக்கிறோம். லொத்தர் சீட்டுக் குலுக்கல் நடத்தியிருக்கிறோம். ஒருமுறை இசை நிகழ்ச்சி வைத்து, பாடகர் வராமல் போனதால் நாங்களே பாடியும் இருக்கிறோம். அதன் பிறகு இசை நிகழ்ச்சி என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைவீதியிலும் அதைச் சுற்றியும் குடியிருக்கும் பெண்கள்தான். எங்கள் மளிகைக் கடையின் மேல்மாடியில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கூட்டம் நடக்கும். தலைவி ஓய்வுபெற்ற டீச்சர். இன்னும் எங்களை வகுப்பில் வைத்திருப்பது போலத்தான் பேசுவார். அவருக்கு அடுத்தபடி பேச்சு எடுபடுவது புடவைக்கடை முதலாளியின் மனைவிக்கு. முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவது போல அவரை நாங்கள் எல்லோரும் ராத்தா என்போம். நான் செயலாளர். மாடி எங்களுடையது என்பதால் கிடைத்த பதவி அது.

எங்கள் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெண் மரக்கறி விற்பாள். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஞாயிறு வேலை இல்லாததால், தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பின்னால் தான் போட்ட போஞ்சியையும் லீக்ஸையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். அவளுக்குக் கடவுள் கொடுத்த தொண்டை ஒன்று உண்டு. பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கே எங்கள் கடை வாசலில் போஞ்சி இருப்பது தெரிந்துவிடும். என் கணவர் கணக்குப் பார்க்க முடியவில்லை என்று சலித்துக்கொள்வார். ஆனால் பத்து மணிக்கு அவளுக்கு ப்ளேன்டீ போகவில்லை என்றால் அவர்தான் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

போன மழைக்காலத்தில் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. வாசல் வெறிச்சென்று இருந்தது. போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். மழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து குசினிக்குள், அடுப்படி வரைக்கும் வந்துவிட்டதாம். ஆடுகளை அவிழ்த்துவிட ஓடிய அவள் கணவருக்குக் கால் முறிந்துவிட்டதாம். பிள்ளைகளோடு பக்கத்து வீட்டு அறையில் இருக்கிறோம் என்றாள். போஞ்சிக் கொடி மொத்தமும் மண்ணுக்குள் போய்விட்டதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

டீச்சர், ராத்தா, நான் மூவரும் பார்க்கப் போனோம். லயத்தின் கடைசி வீடு அவளுடையது. முன்னறை அப்படியே இருந்தது. பின்னால் குசினி இருந்த இடத்தில் சிவப்பு மண், அதன் மேல் வேரோடு ஒரு கொய்யா மரம். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களைத் தேற்ற வேண்டிய வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

"மலை என்னயப் பார்க்க வந்திருச்சுக்கா," என்றாள் என்னிடம். "வந்தது சரி. வாசல் வழியா வந்திருக்கலாம்."

அடுத்த கூட்டத்தில் குசினியைக் கட்டிக் கொடுப்பது என்று முடிவானது. சுவரும் கூரைத் தகரமும் வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. யாரோ உணவு விழா என்றார்கள். ராத்தா பெருமூச்சு விட்டார். ஒவ்வொரு விழாவுக்கும் இரண்டு நாள் அடுப்படியில் வேகிறவர் அவர்தான்.

"ஒவ்வொரு தடவையும் நாங்கதானே கெடந்து வேவுறோம்," என்றார். "இந்தத் தடவ நம்ம மனுசன்மார் சமைக்கட்டுமே. நாங்க காசு குடுத்துச் சாப்பிடுவோம்."

மூட்டைகளுக்கு நடுவில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ யோசனையில் இருந்தார். அது எதற்கு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பௌர்ணமி விடுமுறைக்குக் கடைகள் பூட்டியிருக்கும் போயா நாளைத் தேர்ந்தெடுத்தோம், யாரும் வியாபாரத்தைச் சாக்குச் சொல்ல முடியாதபடி. எல்லோரும் சாப்பிட வேண்டும் என்பதால் மரக்கறி மட்டும். ராத்தாவின் கணவர் பிரியாணி போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, இறைச்சி இல்லாமல் அதற்குப் பிரியாணி என்று பெயர் வைப்பது நியாயமா என்று ஒரு வாரம் எல்லோரிடமும் வழக்குப் பேசினார். என் கணவர் அலட்டிக்கொள்ளவில்லை. தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் செய்கிறேன் என்றார். மாவு, தேங்காய், உப்பு, தண்ணீர், இதில் என்ன வித்தை இருக்கிறது என்று என்னையே கேட்டார்.

வித்தை இருக்கிறது என்பது முதல் ஒத்திகையிலேயே தெரிந்தது. அவர் சுட்ட ரொட்டியை என் மகள் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் மென்று பார்த்து, கடைசியில் பல்லுக்கு வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். மீதியைக் கூரையில் போட்டேன். ஒரு காகம் வந்து ஒருமுறை கொத்தியது. பிறகு தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்து போனது. மாவு சரியில்லை என்றார் அவர். அந்த மாவை ஊருக்கெல்லாம் விற்பவரே அவர்தான் என்று நான் நினைவூட்டவில்லை.

போயா அன்று காலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வரிசையாக கேஸ் அடுப்புகள் வைத்தோம். அடுப்புகளுக்கு முன்னால் கயிறு கட்டினோம். மனைவிமார் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம். சமையல் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மண்டபம் முழுவதும் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கணவன்மார் இந்தப் பக்கம் இருந்த மனைவிமாரைக் கூப்பிட்டு, கடுகு முதலா வெங்காயம் முதலா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒரு பேசினை எடுத்துக்கொண்டு போய் எல்லாத் தொலைபேசிகளையும் வாங்கிவந்தார்.

அதன் பிறகு கைச்சாடைதான். என் கணவர் தூரத்திலிருந்து ரொட்டிக் கல்லைக் காட்டி, எப்போது எடுப்பது என்பது போல முழித்தார். இன்னும் இரண்டு நிமிடம் என்று நான் இரண்டு விரலைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, பிசைந்து வைத்திருந்த மாவில் இன்னும் இரண்டு கரண்டி உப்பைப் போட்டார். கயிற்றின் இந்தப் பக்கம் நின்றபடி அதைப் பார்ப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்வதற்கில்லை.

டீச்சரின் கணவரைப் பற்றி யாரும் அதிகம் நினைக்கவில்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அதிகம் பேசாதவர். கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரியில் பிரட்டும் மோஜு செய்வதாகச் சொல்லியிருந்தார். அவர் கத்தரிக்காயைச் சீவிய வேகத்தைப் பார்த்து ராத்தா என் கையைக் கிள்ளினார். மோஜு தயாரானதும் மாதிரிக்கு ஒரு கரண்டி வாங்கி வாயில் வைத்தோம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பல வருடமாக எங்கள் கூட்டங்களுக்கு டீச்சர் கொண்டுவந்து, நாங்கள் புகழ்ந்து, செய்முறை கேட்டு, அவர் சொல்ல மறுத்த அதே மோஜு.

டீச்சர் எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"அவருதான் செய்வாரு," என்றார், தலையை நிமிர்த்திக்கொண்டு. "நான் கொண்டு வருவேன். நீங்க யாரு செஞ்சதுன்னு கேக்கவே இல்லையே."

பதினொரு மணிக்கு அவள் வந்தாள், மரக்கறி மூட்டை இல்லாமல், மடிப்புக் கலையாத ஊதாச் சேலையில். டீச்சர் அவளை மேடைக்குக் கூட்டிப்போய், துணி விரித்த நாற்காலியில் உட்கார வைத்தார். யாருக்காக இந்த விழா என்பது வந்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது டீச்சரின் எண்ணம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் கடை வாசலையே அதிரவைக்கிற பெண், அந்த நாற்காலியில் கைகளை மடியில் வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

டீச்சர் மைக்கைப் பிடித்தார். மழை, மண்சரிவு, இருண்ட இரவு, அழுத பிள்ளைகள் என்று பேச்சு நீண்டது. வந்திருந்தவர்களின் முகங்கள் செத்த வீட்டுக்கு வந்தது போல ஆகிவிட்டன. சாப்பாட்டு மேசைப் பக்கம் போவது மரியாதை இல்லை என்று நினைத்தோ, அல்லது தீய்ந்த வாசத்தைக் கண்டு பயந்தோ, எல்லோரும் கதவோரமாகவே நின்றார்கள். கரண்டியோடு நின்ற கணவன்மார் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அப்போது கரண்ட் போனது. மைக் செத்தது. டீச்சரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"டீச்சரம்மா, அதெல்லாம் நான் அழுது முடிச்சிட்டேங்க," என்றாள். அவளுக்கு அது மெதுவாகச் சொன்னதுதான். மண்டபத்தின் கடைசி ஆளுக்கும் கேட்டது. "வந்தவங்க பசியோட நிக்கிறாங்க. நான் வித்துக் குடுக்கட்டுங்களா?"

டீச்சர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அவள் எழுந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு நடந்ததை விழா என்று சொல்ல முடியாது, சந்தை என்றுதான் சொல்ல வேண்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் மேசையில் இருந்து தொடங்கினாள். ராத்தாவின் கணவர் பிரியாணியைச் சின்னக் கிண்ணத்தால் விளிம்போடு வழித்து வழித்து அளந்து போட்டுக்கொண்டிருந்தார். இந்த முதலாளி துணி அளந்தால் ஒரு சாண் கூடத்தான் கிழிப்பார், பிரியாணியை மட்டும் குறைத்தா போடுவார் என்று அவள் ஊருக்குக் கேட்கும்படி சொன்னாள். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய அகப்பையை எடுத்தார். கூட்டம் கதவை விட்டு நகர்ந்தது. மோஜுவை அவள் ருசி பார்த்துவிட்டு உடனே இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள். அதுவே விளம்பரமாகிவிட்டது. டீச்சரின் கணவர் காது சிவக்க நின்று பரிமாறினார்.

பிறகு என் கணவரின் மேசைக்கு வந்தாள். ஒரு ரொட்டியை எடுத்து மேசை விளிம்பில் தட்டினாள். கட்டையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"இது சாப்பிட இல்லீங்க," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "முதலாளி எனக்காகவே சுட்டிருக்காரு. இத நாலு வரிசை அடுக்கினா குசினிச் சுவரு எழும்பிரும். ஆளுக்கு ரெண்டு வாங்கி என் கையில குடுங்க."

மண்டபம் குலுங்கியது. என் கணவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜனங்கள் ரொட்டி வாங்கி அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் திரும்பவும் மேசையில் வைத்து அடுத்தவருக்கு விற்றாள். ஒரே ரொட்டி எத்தனை பேருக்கு விலைபோனது என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் அன்று அதிகம் சம்பாதித்தது அந்த மேசைதான். பிரியாணி தீர்ந்து, மோஜுச் சட்டியை வழித்து முடித்த பிறகும் ரொட்டி மட்டும் முழுசாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவர் தன் ரொட்டிதான் முதலிடம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதை நான் மறுக்கவும் முடியவில்லை.

சேர்ந்த காசு சுவருக்கும் தகரத்துக்கும் போதுமாக இருந்தது. கொத்து வேலை தெரிந்த லயத்து ஆட்கள் கூலி வாங்காமல் வேலை செய்தார்கள். தை பிறந்த பிறகு, குசினியைப் பார்க்க வரச் சொல்லி அவள் கூப்பிட்டாள். இந்தத் தடவை கணவன்மாரும் வந்தார்கள். புதுச் சுவருக்கு யாரோ கொடுத்த மிச்சப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது கண்ணைக் கூசவைக்கும் இளஞ்சிவப்பு. பிள்ளைகள் தேர்ந்தெடுத்த நிறம் என்று சொல்லி அவள் கணவர் வெட்கப்பட்டார். கைத்தடியை ஊன்றி நின்றபடி அவரே எங்களுக்கு டீ ஊற்றினார். ஆண்கள் மூவரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, சோறு குழையாமல் வடிப்பது எப்படி என்று பெரிய அனுபவசாலிகள் போலப் பேச ஆரம்பித்தார்கள்.

டீச்சர் அவளைச் சங்கத்தில் சேரச் சொன்னார். சந்தா கட்ட வேண்டாம் என்றும் சொன்னார். சந்தா வாங்கிக்கொண்டால்தான் சேருவேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் டீச்சர் வாங்கிக்கொண்டார். சந்தா கட்டின கையோடு அவள் சங்கத்து வேலையைத் தொடங்கிவிட்டாள். மடுல்சீமையில் அவளுடைய நாத்தனார் இருக்கிற லயத்தில் ஒரு அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளாம். பார்க்க ஆள் இல்லையாம். ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்ன செய்யலாம் என்று பேச வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவானது. அப்போது போஞ்சி வியாபாரம் என்னாவது என்று என் கணவர் கேட்டார். அதை முதலாளி ஒரு நாளைக்குப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். பிறகு எங்கள் மூன்று பேரின் கால்களையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அங்க கடைசி வரைக்கும் பஸ் போகாதுங்க, ஏறி நடக்கணும்," என்றாள். "இந்தச் செருப்பெல்லாம் வேணாம். நல்லதா ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க."