விரலுக்கு ஏற்ற கல்

கண்டியில் அந்த நகைக்கடைக்கு வைரம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வைரம் மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அவர்களை விற்பனைப் பெண் அனற்றிடம் அனுப்பிவிடுவார்கள். பதினொரு வருடமாகக் கல் விற்கிறவள் அவள். எவ்வளவு விலைக்குள் வேண்டும் என்பதற்கு முன்பு, போடப்போகிறவருக்கு என்ன வேலை என்றுதான் கேட்பாள். மினுமினுப்பில் மயங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கடை வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டும்தான் ஜொலிக்கும். ஆறு மாதம் விரலில் கிடந்த பிறகல்லவா அதன் குணம் தெரியும்!

தன்னைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டாள். ஊர் எது என்றால் பேராதனைப் பக்கம் என்பாள். அது அவள் பஸ் மாறும் இடம். கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் என்று தெரிந்தால், கடையில் தன் பேச்சுக்கு மதிப்பிருக்காது என்ற பயம் அவளை விட்டுப் போகவே இல்லை.

தைப்பொங்கல் கழிந்த வாரம், தெல்தோட்டையிலிருந்து பாலம்மாவும் மகன் யோகராஜும் நிச்சயதார்த்த மோதிரம் வாங்க வந்தார்கள். யோகராஜுக்கு ஹோட்டலில் வேலை. பெரிய கல்லை நகம் போன்ற நான்கு கம்பிகள் தூக்கிப் பிடித்திருந்த மோதிரம் ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான்.

"பொண்ணு என்ன வேல பார்க்குது தம்பி?" என்றாள் அனற்.

"கொழுந்து எடுக்குதும்மா" என்றாள் பாலம்மா.

"அப்ப இது வேணாம்."

யோகராஜுக்குச் சுருக்கென்று தைத்தது. "தோட்டத்து ஆளுன்னா மட்டமானதுதான் காட்டுவீங்களா மிஸ்? வாங்கம்மா, வேற கடைக்குப் போவோம்."

சத்தம் கேட்டு முதலாளி நபீல் எழுந்து வந்தார். அனற் மன்னிப்புக் கேட்டு அந்த மோதிரத்தையே கொடுத்தனுப்பியிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

"நில்லுங்க தம்பி. எங்கம்மாவும் கலஹாவுல கொழுந்து எடுத்தவங்கதான். அப்பா ஆசையா வாங்கிக் குடுத்த மோதிரம் இதே மாதிரிதான் இருந்துச்சு. செடியில மாட்டி மாட்டி நகம் வளைஞ்சு, கல்லு விழுந்துருச்சு. ரெண்டு நாள் மலையெல்லாம் தேடுனாங்க. பொறகு சாகுற வரைக்கும் கல்லு இல்லாமலேதான் போட்டிருந்தாங்க."

கல் உள்ளே பதிந்து, சுற்றிலும் பொன் விளிம்பு பிடித்த ஒரு மோதிரத்தை எடுத்து வைத்தாள்.

"இது மொய்சனைட். மத்த போலிக் கல்ல விட வெல கூட. ஆனா லேசுல கீறல் விழாது. செடியிலயும் மாட்டாது. சின்னக் கல்லா எடுங்க, போதும்."

யோகராஜ் கையிலிருந்த மோதிரத்தைத் தட்டில் வைத்தான். பாலம்மா விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கலஹாத் தோட்டத்துல எந்த டிவிசன் நீங்க?"

"கீழ் டிவிசன்மா."

அதையே வாங்கிக்கொண்டு போனார்கள். நபீல் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பதினொரு வருஷமா இத ஏன் புள்ள செல்லல்ல?"

அனற் தட்டில் மோதிரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேள, தோட்டத்து ஆளான்னு நீங்க கேக்கல முதலாளி. கேட்டிருந்தா, மட்டமா நெனைக்கிறீங்கன்னு நானும் அந்தத் தம்பி மாதிரிக் கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போயிருப்பேன்."