பத்தாம் வகுப்புக் கதவின் பிடிவாதம்

என் இளைய மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘ஊசி மிஸ்’ என்று பெயர். பள்ளி நர்ஸ்தான், ஆனால் அங்கே ஒருத்தருக்கும் அவள் ஊசி போட்டதில்லை. அதற்கு முன் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோயால் ஆறாமல் போன கால் புண்களுக்குக் கட்டுப் போட்டவள். “புண்ணு வந்தப்புறம் போய் நின்னு என்ன பிரயோஜனம் அத்தே? அதுக்கு முன்னாடி போகணும்” என்று அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள்.

போன வருஷம் சர்க்கரை நோய் பற்றி அறுபத்திரண்டு படங்களைத் திரையில் ஓட்டிப் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் விட்ட கொட்டாவியில் ஜன்னல் திரைச்சீலை உள்ளே இழுத்துக்கொண்டது என்றால் நம்புங்கள். அதனால் இந்த வருஷம் தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “ஒரே ஒரு பீரியட் தர்றேன். அதுலயும் தூங்கினாங்கன்னா, இனிமே அந்த நேரம் கணக்கு சாருக்குத்தான்.” கணக்கு வாத்தியார் அப்போதே சாக்பீஸைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாராம்.

அன்று அவள் படம் எதுவும் கொண்டுபோகவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரையும் வராந்தாவுக்குக் கிளப்பி, வகுப்புக் கதவைப் பூட்டினாள்.

“இந்த வராந்தாதான் ரத்தக்குழாய். வகுப்பறை, உங்க தசையில ஒரு செல். நீங்க எல்லாரும் சர்க்கரை.”

“நாங்க எப்பவுமே இனிப்புதான் மிஸ்!” வேறு யார், வகுப்பிலேயே நெட்டையன், ‘கொக்கு’.

“வாயை மூடு கொக்கு. லீடர்தான் இன்சுலின். அவ சாவி போட்டுத் திறந்தா நீங்க உள்ளே போகலாம். இப்ப யாரோ ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸ் குடிச்சாச்சு. ஓடி வாங்க!”

மொத்தமாக வந்து மோதினார்கள். லீடர் சாவியைப் போட்டாள். திருகினாள். பூட்டு அசையவில்லை. பழைய பூட்டு, உள்ளே துரு. கூச்சல் கேட்டு வந்த கணக்கு வாத்தியார், “நான் அப்பவே சொன்னேன்ல” என்றார். பின்னாலேயே வந்த தலைமையாசிரியை கூட்டத்தின் நடுவே சிக்கி, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் நின்றார்.

ஒரு வருஷக் கனவு ஒரு பூட்டில் போகிறதே! மருமகள் சாவியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். சட்டென்று துள்ளினாள்.

“யாரும் அசையாதீங்க! இதுதான் டைப் டூ சர்க்கரை நோய்! சாவி இருக்கு, பூட்டு மசியல. சர்க்கரையெல்லாம் வெளியிலயே நெரிசல்!”

“மிஸ்,” லீடர் மெல்லக் கேட்டாள், “எங்கப்பாவுக்கு இருக்கு. எனக்கும் பூட்டு இப்படி ஆயிடுமா?”



“ஆகியே தீரணும்னு இல்ல கண்ணு. உனக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கூல்டிரிங்க்ஸைக் குறைச்சு, தினமும் ஓடி ஆடினா, துரு ஏறாம பெரும்பாலும் பாத்துக்கலாம். இன்னொண்ணு கேளு. செல்லுக்குப் பின்கதவு உண்டு. தசை வேலை செஞ்சா அது சாவி இல்லாமலே திறக்கும்.”

“நம்ம வகுப்புக்கும் பின்கதவு இருக்கே மிஸ்! மைதானத்தைச் சுத்திப் போகணும்!” என்று கத்தினான் கொக்கு.

“அப்புறம் என்ன, ஓடுங்க!”

ஓடினார்கள். தலைமையாசிரியை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு ஓடினார். கிளம்பிய புழுதியில் வானம் இருட்டி, மழை வருகிறது என்று அக்கம்பக்கத்தில் கொடியில் காய்ந்த துணியை எல்லாம் எடுத்துவிட்டார்கள்.

பின்கதவு வழியாக நுழைந்து பெஞ்சில் சரிந்த தலைமையாசிரியைக்குப் பேச்சு வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. “அடுத்த வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு” என்றார்.

திங்கட்கிழமை பூட்டை மாற்ற ஆள் வந்தபோது, தலைமையாசிரியை வராந்தாவிலேயே மறித்துவிட்டாராம்: “அதுல கை வைக்காதீங்க. அது பாடத்துல வருது.”