ரப்பர் மூடி போட்ட பாட்டில்கள்

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, எரிமலைப் பாறையைப் பொடித்து, காற்று நீக்கிய தண்ணீரோடு சிறு பாட்டில்களில் போட்டு ரப்பர் மூடியால் அடைத்து வைத்திருந்தேன். பாறையிலுள்ள இரும்பு தண்ணீரோடு வினைபுரிந்தால் கொஞ்சம் ஹைட்ரஜன் வரும். வெயிலே படாத ஆழத்தில் சில நுண்ணுயிர்கள் அந்த வாயுவைக் கொண்டே பிழைக்கக்கூடும். அதைத்தான் தேடினேன். வாயு வந்தது. நுண்ணுயிர்களும் பெருகின.

ஒப்பிடுவதற்காக, பாறையே போடாத பாட்டில்களையும் அளந்து பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன். அதற்குள் என் பேராசிரியர் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். அவர் பெயர் இருந்தது, அவர் மருமகன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. துறைக் கூட்டத்தில் கேட்டேன்.

"பாட்டில் கழுவுனவங்க பேரையெல்லாம் போட முடியுமாம்மா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

படிப்பை விட்டுவிட்டு உத்தமபாளையத்துக்கு வந்தேன். அம்மா அழுதார். அத்தா மட்டும், "அந்த வேலைய இங்கன இருந்து செய்ய முடியாதா ஆத்தா?" என்று கேட்டார்.

பக்கத்துக் கல்லூரியில் வேலை கிடைத்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். பாறை இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி அடைத்த பாட்டில்களிலும் ஹைட்ரஜன் இருந்தது. ரப்பர் மூடியிலிருந்து கசிந்தது அது. அவர் பாறையின் கணக்கில் எழுதியதில் பெரும்பங்கு மூடியுடையது!

நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் விருது வாங்கினார், செவ்வாய்க் கிரகத்துப் பாறைக்கடியிலும் இப்படி உயிர்கள் இருக்கலாம் என்று பேட்டி கொடுத்தார். ஒவ்வொன்றையும் ஆசையாகப் படித்தேன். இன்னும் உயரட்டும், விழும்போது வலிக்கட்டும் என்று காத்திருந்தேன். இதற்கிடையில் ரப்பரே இல்லாமல், கண்ணாடிக் கழுத்தை உருக்கி மூடி மறுபடி அளந்தேன். மிகக் குறைவாகத்தான் வாயு வந்தது. ஆனால் அது பாறை கொடுத்தது. அதிலும் நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகின.

தேனியில் நடந்த கருத்தரங்குக்கு அவர் சிறப்பு விருந்தினராக வந்தார். பேசி முடித்ததும் எழுந்தேன்.

"பாறை போடாத பாட்டில அளந்தீகளா சார்?"

"அவசியப்படல."

"நான் அளந்தேன் சார். அதுலயும் ஹைட்ரஜன் இருக்கு."

கையோடு கொண்டுபோன பென் டிரைவைச் செருகி, என் வரைபடத்தைத் திரையில் போட்டேன். முன்வரிசையில் இருந்த மருமகன் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி என்னை உற்றுப் பார்த்தார்.

"நீயா? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க எல்லார் முன்னாலயும் வச்சுத்தான சார் சிரிச்சீக?"

மதியச் சாப்பாட்டுக்கு அவர் நிற்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர் காரில் ஏறிப் போனதைக் கண்ணாரப் பார்த்தேன். அன்றைக்குப் போல் நான் என்றும் ருசித்துச் சாப்பிட்டதில்லை.

அவர் கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் திரும்பப் பெற்றார்கள். என்னுடையது வெளிவந்தது. தன் கட்டுரையைத் திருத்தி இருவரும் சேர்ந்து எழுதலாமா என்று பேராசிரியர் ஆள்விட்டுக் கேட்டார். அம்மா, "வயசான மனுசன், பாவம்" என்றார்.

முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.