பத்தாம் ஆண்டுக்கு நான்கு பேர் குறைவு

எங்கள் பாடசாலைக்கு இப்போது மூன்று மாடி. விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது, பாண்ட் வாத்தியம் இருக்கிறது, வாசலில் காவலாளி இருக்கிறார். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்க்கும் காலத்தில் மின்சார பில்லும் கிராம சேவகரின் கடிதமுமாகப் பெற்றோர் சந்திவரை வரிசையில் நிற்பார்கள். பாடசாலை இருக்கும் ஹெந்தளைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நான் மறுபக்கத்து யன்னலைப் பார்த்துக்கொள்வேன். யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று பயம். இத்தனை வருடமாகியும் அந்தப் பயம்.

நான் அந்தப் பாடசாலையின் முதல் தொகுதி. அதை இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். ஒன்பதாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய தொகுதியும் நாங்கள்தான். அதை யாரும் சொல்வதில்லை.

அதற்கு முன்பு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தமிழில் படிக்கக் கொட்டாஞ்சேனைவரை பஸ் ஏற வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள், மகஜர் கொடுத்தார்கள். கடைசியில் கோயில் கல்யாண மண்டபத்தில், வாடகைக் கதிரைகளில், பாடசாலை தொடங்கியது. நாங்கள் முதலாம் ஆண்டில் உட்கார்ந்தபோது பாடசாலையும் முதலாம் ஆண்டுவரைதான். நாங்கள் இரண்டுக்குப் போனபோது அதுவும் இரண்டுவரை வளர்ந்தது. எங்களுக்கு மேலே எவரும் இருந்ததில்லை. பழைய புத்தகம் வாங்க ஒரு அக்கா இல்லை. எந்த டீச்சர் அடிப்பார், எந்த டீச்சர் அடிக்கமாட்டார் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு அண்ணன் இல்லை. எல்லாவற்றிலும் முதல் அடி எங்களுக்குத்தான் விழுந்தது.

பக்கத்துக் காணியில் அரசாங்கம் கட்டிடம் கட்டித் தந்தது. ஆனால் கட்டிடம் எப்போதும் எங்களுக்கு ஒரு வகுப்பு பின்னால்தான் வந்தது. புதிய அறையில் எங்களுக்குக் கீழே உள்ளவர்கள் உட்கார்ந்தார்கள், நாங்கள் மண்டபத்திலேயே கிடந்தோம். முகூர்த்த நாளென்றால் எங்களுக்கு மட்டும் விடுமுறை. மறுநாள் வந்தால் கரும்பலகைக்குப் பின்னால் வாடிய மாலை கிடக்கும், கணக்குப் பாடம் முழுவதும் சாம்பார் மணக்கும். கோயில் மண்டபம் என்பதால் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். ஒன்பது வருடம் வெறுங்காலோடு படித்தவர்கள் நாங்கள்.

வசதியுள்ளவர்கள் வருடா வருடம் பிள்ளைகளை விலக்கி வேறிடத்தில் சேர்த்தார்கள். முப்பதுக்கு மேல் இருந்த வகுப்பு ஒன்பதாம் ஆண்டில் பதினொன்றாகிவிட்டது. வேறெங்கும் போக வழியில்லாத பதினொரு பேர்.

அந்த வருடக் கடைசியில்தான் பிரச்சினை வந்தது. பத்தாம் ஆண்டு வகுப்பு தொடங்கினால்தான் சாதாரண தரப் பரீட்சைக்கு, அதாவது ஓலெவலுக்கு, போகலாம். தொடங்குவதற்குப் பதினைந்து பிள்ளைகளாவது வேண்டும் என்று வலயக் கல்விக் கந்தோரில் சொல்லிவிட்டார்களாம். ஓர் அதிகாரி நேரில் வந்து தலையெண்ணிப் பார்ப்பாராம்.

பரீட்சை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டில் அம்மா தையல் மெஷினில் குனிந்தபடியே இருப்பார். நிமிர்ந்தால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே வசனத்தைச் சொல்வார்.

“நீ ஓலெவல் மட்டும் எடுத்துருடி. அப்புறம் நீ குனிய வேணாம்.”

சங்கத்தார் கூடி வழி கண்டுபிடித்தார்கள். தலைவரின் மகள், செயலாளரின் இரண்டு பையன்கள், பொருளாளரின் மகன். நான்கு பேரும் ஏறக்குறைய எங்கள் வயது. பம்பலப்பிட்டியில் பெரிய பாடசாலைகளில் படிப்பவர்கள். அதிகாரி வரும் நாளில் நால்வரும் எங்களோடு வந்து உட்காருவார்கள். அன்று நால்வருக்கும் காய்ச்சல் என்று அங்கே கடிதம் போகும். வரவு இடாப்பில் பாடசாலை அதிபர் நான்கு பெயரைச் சேர்த்தார். அம்மாவிடம் துணி கொடுத்து எங்கள் பாடசாலையின் டை நான்கு தைக்கச் சொன்னார்கள். அம்மா சந்தோசமாகத் தைத்தார்.

நான் சந்தோசப்படவில்லை. அதிகாரி அவர்களிடம் எங்கள் அதிபரின் பெயரைக் கேட்டால்? தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டால்? நான் நினைத்துப் பார்க்காத ஆபத்தே இல்லை என்று நினைத்திருந்தேன்.

அன்று காலையில் நால்வரும் காரில் வந்திறங்கினார்கள். டை புதிது, சப்பாத்து புதிது. அந்தச் சப்பாத்தோடு நேரே மண்டபத்துக்குள் நடந்து வந்து உட்கார்ந்தார்கள். அதிபர் வாசலில் மாலையோடு நின்றார், டீச்சர் சிற்றுண்டித் தட்டில் ரோல்ஸை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் எவரும் கவனிக்கவில்லை. தலைவரின் மகள் என் பக்கத்தில் இருந்தாள்.

“சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க. இது கோயில் மண்டபம்” என்றேன் மெதுவாக.

“ஐயோ, நிலம் ஊத்தை. என்ட சொக்ஸ் என்னாகிறது?”

“சாமி குத்தம்.”

“சாமி அந்தப் பக்கம் தானே இருக்கு. இது ஹோல் தானே.”

முன் வாங்குப் பொடியன் திரும்பி, “விடுங்கடி, ஒரு மணித்தியாலத்து வகுப்புத் தோழி தானே” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுள் கோபித்துப் பத்தாம் ஆண்டைத் தராமல் விட்டால்? நான் இன்னும் இரண்டு தரம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

அதிகாரி வந்தார். தொப்பி போட்ட, தாடி நரைத்த முஸ்லிம் மனிதர். வாசலில் நின்று பார்த்தார். எங்கள் சப்பாத்துகள் பதினொரு சோடி வரிசையாக இருந்தன, குதி தேய்ந்தவை, ஒட்டுப் போட்டவை. அதிபர் “பரவாயில்லை சேர், அப்பிடியே வாங்கோ” என்று சொல்லச் சொல்ல, அவர் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றி எங்கள் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு வந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் வினை.

இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். பதினைந்து பெயருக்கும் பதில் வந்தது. அதிபரின் முகம் மலர்ந்தது. அதிகாரி எழுந்து வாங்குகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். என் அருகில் வந்ததும் நின்றார்.

“மகள், இந்தப் புள்ள ஏன் சப்பாத்தோட இரிக்கிறா?”

காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரே கேள்விதான். அதை ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். ஆறுதலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள்மீது குற்றம் வந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

“நான் சொன்னேன் சேர். அவங்க மேல கோவிச்சுக்காதீங்க. அவங்களுக்கு இங்கத்த வழக்கம் தெரியாது. இன்னைக்கித்தானே வந்தாங்க.”

நான் என்ன சொன்னேன் என்பது டீச்சரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அதிகாரி கோபிக்கவில்லை. “சரி மகள், இரிங்க” என்றார். மேசைக்குப் போய் ஏதோ எழுதினார். ரோல்ஸைத் தொடவில்லை. வாசலில் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டபோது அந்த வரிசையை இன்னொரு முறை பார்த்தார். அதிபரிடம் தாழ்ந்த குரலில், “நான் பார்த்ததத்தான் எழுதலாம் சேர்” என்றார். பதினொன்று என்று எழுதியிருந்தார்.

பின்னேரம் அம்மாவைக் கூப்பிட்டார்கள். சங்கத் தலைவர் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். மேடையில் பேசும் குரலிலேயே வீட்டிலும் பேசுவார் என்பார்கள்.

“ஒரு சமூகத்தின்ர எதிர்காலத்தை உங்கட பிள்ளை ஒரு வசனத்தில முடிச்சுப்போட்டுது. நாங்கள் எத்தினை வருசமா நாயாய் அலைஞ்சனாங்கள், தெரியுமே?”

அம்மா தலை குனிந்து நின்றார். வீட்டு வாசலில்தான் என் பக்கம் திரும்பினார்.

“அடியே, ஒனக்கு வாய் இருக்குன்னு யாருடி கேட்டா?”

பத்தாம் ஆண்டு வரவில்லை. அடுத்த வருடம் வந்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள், யாரையும் இரவல் வாங்க வேண்டியிருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் பத்தாம் ஆண்டில் புதிதாகச் சேர்ப்பதென்றால் செல்வாக்குள்ள ஆள் வேண்டும், கடிதம் வேண்டும். அப்பா ஓட்டிய த்ரீவீலில் அப்படிப்பட்ட ஆட்கள் ஏறுவதில்லை. எங்கள் பொடியன்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நான் அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷினில் குனிந்தேன். மற்றப் பத்துப் பேரும் என்னைத் திட்டியதில்லை. வீதியில் கண்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பாதை மாறிப் போவேன்.

அதிகாரி வந்துபோன மறுநாள் காலை, அப்பா சொன்னதன்பேரில், அம்மா என்னைத் தலைவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார், மன்னிப்புக் கேட்க. கையில் ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். தலைவர் வெளி விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பாடமாக்கி வந்ததைச் சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டேன், இனிமேல் சொல்லமாட்டேன், பாடசாலைக்கு வந்த இழப்பு என்னால் வந்தது. பாதியில் வசனம் மறந்துபோனது. அம்மா முதுகில் இடித்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

வாசலில் வான் ஒன்று வந்து ஹோர்ன் அடித்தது.

“பிள்ளை, வான் வந்திட்டுது! கெதியா ஓடு, முதலாம் பாடம் போயிடும்!” என்று தலைவர் உள்ளே பார்த்துக் கத்தினார்.

அவருடைய மகள் பாணைக் கடித்துக்கொண்டே, வேறொரு டை கட்டிக்கொண்டு, எங்களைக் கடந்து ஓடினாள். வானுக்குள் செயலாளரின் இரண்டு பையன்களும் பொருளாளரின் மகனும் ஏற்கெனவே இருந்தார்கள். கதவு மூடியது. வான் பம்பலப்பிட்டிக்குப் போனது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். முகம் இளகியிருந்தது.

“சரி, நடந்தது நடந்திட்டுது. நான் மனசில வைக்கேல்லை. சபையில யோசிச்சுக் கதைக்க வேணும், என்ன?”

“சரிங்க ஐயா” என்றேன். கும்பிட்டேன்.

திரும்பி வரும்போது அம்மாவிடம் மூன்று தரம் கேட்டேன், அவர் உண்மையாகவே மன்னித்துவிட்டாரா என்று. “மன்னிச்சிட்டாருடி, பேசாம வா” என்றார். எவ்வளவு பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். பதினைந்தில் பதினொன்று போனால் மிச்சம் நான்கு என்பது எனக்கு முதலாம் ஆண்டிலேயே தெரியும். அந்த நான்கு பேரும் கண்முன்னே வானில் ஏறிப் போனதைப் பார்த்துவிட்டும், எண்ணிக்கை குறைந்தது என்னால்தான் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.