சுண்ணாம்புக் குழியும் என் ஸ்பானிய பாஷையும்

நான் மூணாம் வகுப்பு தாண்டாதவன். ஆனாலும் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு மேஸ்திரிகளில் ஸ்பானிய பாஷை பேசினவன் நான் ஒருத்தன்தான்.

ஸ்பெயின் தேசத்து வியாபாரி ஒருவர் தோல் பார்க்க வருகிறார், அவருக்கு இங்கிலீஷும் வராது என்று முதலாளி கையைப் பிசைந்தார். "எனக்கு அந்த பாஷை தெரியும் முதலாளி" என்று வாயை விட்டுவிட்டேன்.

தெரிந்தது கொஞ்சம்தான். கப்பலில் சமையல் செய்த என் தோஸ்த், 'செய்யாதீங்க' என்று மரியாதையாகத் தடுக்கிற வகையை மட்டும் சொல்லித் தந்திருந்தான். 'ஆர்' என்று முடிகிற சொல்லை 'ஏ' என்று முடி. 'ஏர்', 'ஈர்' என்றால் 'ஆ' என்று முடி. முன்னால் 'நோ' சேர். ஐயாவுக்கு 'சென்யோர்'. கொர்த்தார், வெட்டுவது, நோ கொர்த்தே, வெட்டாதீங்க. அப்ரீர், திறப்பது, நோ அப்ரா, திறக்காதீங்க. பிசார், மிதிப்பது, நோ பிசே.

"வாங்க" என்று சொல்லத் தெரியாது. வருகிறவரிடம் எல்லாமே கூடாது கூடாது என்றால் நல்லாவா இருக்கும்? மூணு நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயத்தில், நாற்றமாவது தெரியாமல் இருக்கட்டும் என்று முடி கழலத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிகள் மேலே பாய் விரித்து, பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைத் தூளைப் பரப்பச் சொன்னேன்.

"இன்னா மேஸ்திரி, குழி எது தரை எதுன்னு நமக்கே தெரியலியே!" என்றான் ஒருத்தன்.

"உன் வேலையைப் பாரு."

வந்தவர் எதிர்க்கோடியில் தொங்கின தோலைப் பார்த்ததும், யாரையும் கேட்காமல் நேராக நடந்தார். நேர் எதிரே மூணாவது குழி. பிசாவா, பிசேயா? காலைத் தூக்கிவிட்டார். உள்ளே போனால் தோல் வெந்துபோகும், ஆளே மிஞ்சமாட்டார்.

"நோ பிசே! சென்யோர், நோ பிசே!"

கால் அந்தரத்தில் நின்றது. ஓடிப்போய்ப் பாயை இழுத்தேன். கீழே வெள்ளைக் குழம்பு. அவர் முகமும் அதே நிறம். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர் பாஷையில் மடமடவென்று கொட்டினார்.

"இன்னா சொல்றாரு மேஸ்திரி?" என்றார் முதலாளி.

எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் இன்னும் பேசினால் என் மானம் போய்விடும். ஆப்லார், பேசுவது. கையைக் கூப்பி, "நோ ஆப்லே சென்யோர்" என்றேன். அவர் திகைத்து, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாப்பா சொன்னே?"

"நன்றி எல்லாம் வேணாம்னேன் முதலாளி."

அதற்கப்புறம் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தார். பாயைப் போடச் சொன்னவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.