பத்து மணி நேரப் பயணம்

அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து நடந்த அன்று, நான் பிராங்பர்ட்டில் அலுவலகத்தில் இருந்தேன். சித்தப்பாதான் போனில் சொன்னார். அப்பா போய்விட்டார் என்று சொல்லிவிட்டு உடனே கேட்டார்.

"ஏலே, அங்கனருந்து வர எம்புட்டு நேரம்லே ஆகும்?"

போனில் தேடினேன். சென்னைக்கு ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம் என்று காட்டியது. அதை அப்படியே வாசித்தேன்.

"பத்து மணி நேரந்தான? அப்ப விடியுமுன்ன வந்துருவ. நீ வந்து மொகம் பாத்த பெறகுதான் எடுக்கணும்னு ஒங்கம்மா சொல்லுது."

எங்கள் ஊரில் கம்பெனி வேன் தெருவுக்கே வரும். ஏறி உட்கார்ந்தால் சொன்ன நேரத்தில் வெம்பக்கோட்டையில் கம்பெனி வாசலிலேயே இறக்கிவிடும். சித்தப்பாவுக்குப் பயணம் என்றால் அதுதான். அன்றைய விமானம் போய்விட்டது, அடுத்தது நாளைக்குத்தான், சென்னையில் இறங்கி மறுபடி மதுரைக்கு ஏற வேண்டும் என்று விளக்கினேன். வேறு யாருடைய பயணத்தையோ சொல்வதுபோல் இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒடம்பு அம்புட்டு நேரம் தாங்காதுலே. ஆஸ்பத்திரில துணி சுத்தித்தான் குடுத்திருக்காக. மொகத்தப் பாக்குற மாதிரி இல்ல. ஒங்கம்மாட்ட இன்னும் சொல்லல."

"எடுத்துருங்க சித்தப்பா" என்றேன். "தம்பி கொள்ளி வைக்கட்டும்."

மறுநாள் விமானத்தில், முன்னிருக்கைத் திரையில் சென்னைக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று ஓடிக்கொண்டிருந்தது. எண் குறைவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.